நீண்ட மலைநடைக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் உணவுத் திட்டம்: முழுமையான வழிகாட்டி

நெடுந்தூரம் ஓடப் பழகுபவர்களும் வார இறுதியில் மலையேறுபவர்களும் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்த ஜெல் நல்லது?" என்பதுதான். (ஜெல் என்பது வழியில் பிழிந்து சாப்பிடச் சிறு பாக்கெட்டில் வரும் சர்க்கரைப் பாகு.) உண்மையில் அது ஐந்தாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எத்தனை மணி நேரம் வெளியே இருக்கப்போகிறோம், மணிக்கு எவ்வளவு மாவுச்சத்து (கார்போஹைட்ரேட், சர்க்கரையும் இதில் அடக்கம்), எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் முடிவாகாமல் பண்டத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குப் பை நிறையத் தீனி இருந்தும் பாதி வழியில் கால் ஓய்ந்துவிடுகிறது. அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொரு படியின் விடையும் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

இது நல்ல உடல்நலத்தோடு இருக்கும் பெரியவர்களுக்கானது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, இரத்த அழுத்த மாத்திரை, கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் இங்குள்ள எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சமையலறைத் தராசு, உடல் எடை பார்க்கும் இயந்திரம், அளவு குறியிட்ட தண்ணீர் பாட்டில், அலாரம் வைக்கக்கூடிய கைக்கடிகாரம், ஒரு நோட்டு. இவ்வளவுதான்.

சமையலறைத் தராசு எதற்கு என்று பலர் அதை விட்டுவிடுவார்கள். ஒருவருடைய "ஒரு கைப்பிடி" உலர்திராட்சை 25 கிராம் இருக்கும், இன்னொருவருடையது 50 கிராம் இருக்கும். மாவுச்சத்தில் அது இரண்டு மடங்கு வித்தியாசம். முதல் சில வாரங்கள் எடைபோட்டால் போதும், பிறகு கண்ணளவே சரியாக வந்துவிடும்.

நாள் குறித்தாகிவிட்டது என்றால் அதற்கு ஆறு வாரமாவது முன்பே ஆரம்பியுங்கள். கணக்குப் போட ஒரு மாலை போதும். வயிறு பழகத்தான் வாரங்கள் பிடிக்கும்.

1. தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள்

சமதளத்தில் இரண்டு மணி நேரத்தில் நடந்துவிடுகிற 10 கி.மீ., செங்குத்தான பாதையில் நான்கு மணி நேரம் இழுக்கும். உணவு, தண்ணீர் இரண்டின் அளவையும் மணிக்கணக்கில்தான் சொல்ல முடியும் என்பதால் முதலில் நேரம் தெரிய வேண்டும்.

மலைநடைக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 15 கி.மீ. தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் 3 மணியும் ஒன்றரை மணியும் சேர்ந்து நாலரை மணி நேரம். இதில் ஓய்வு சேரவில்லை, நல்ல நடைப்பழக்கம் உள்ளவரின் வேகம் இது. புதியவர் என்றால் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுபவர்கள் தங்களுடைய சிறந்த வேகத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைசியாக ஓடிய நீண்ட ஓட்டத்தின் சராசரியை எடுங்கள்.

இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் தவறு, உச்சி வரைக்கும் கணக்குப் போட்டுவிட்டு இறங்கும் நேரத்தை மறப்பது. ஏறும்போதே எல்லாவற்றையும் தின்று தீர்த்தவர்கள் களைத்த காலோடும் கவனம் சிதறிய தலையோடும் சரிவில் இறங்குகிறார்கள். கால் இடறுவதற்கு அதைவிடத் தோதான வேளை வேறில்லை.

2. செலவைத் தோராயமாகப் பாருங்கள்

ஓட்டத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய 1 கலோரி. (உணவு உறைகளில் கிலோகலோரி என்று அச்சிடுகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.) 60 கிலோ எடையுள்ளவர் 42.195 கி.மீ. மாரத்தான் ஓடினால் சுமார் 2,500 கலோரி.

சமதள நடைக்கு அதில் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை ஆகும். ஏற்றத்துக்குத் தனிச் செலவு: பையோடு சேர்த்து ஒரு கிலோவை 100 மீட்டர் உயர்த்த சுமார் 1 கலோரி. 70 கிலோ ஆள் 8 கிலோ பையோடு 900 மீட்டர் ஏறினால் ஏற்றத்துக்கு மட்டும் 700 கலோரி. 15 கி.மீ. நடைச் செலவையும் கூட்டினால் 1,300 முதல் 1,600 வரை வரும்.

இப்போது இருப்பைப் பாருங்கள். கல்லீரலில் 80 முதல் 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம் என்று கிளைக்கோஜன் வடிவில் மாவுச்சத்து சேமிப்பில் இருக்கும். கிராமுக்கு 4 கலோரி வீதம் மொத்தம் 1,500 முதல் 2,400. மாரத்தான் ஓடுபவர்கள் 30 கி.மீ. தாண்டியதும் சுவரில் மோதியதுபோல் நிற்பதன் காரணம் இந்தக் கழித்தலில் இருக்கிறது. உடலில் கொழுப்பு ஏராளமாக இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும். வேகம் கூடக் கூட உடல் கிளைக்கோஜனையே அதிகம் கேட்கும்.

"நடைதானே, வழியில் எதுவும் வேண்டாம்" என்று மலையேறுபவர்கள் சொல்வது இங்கேதான் தவறாகிறது. சுமையோடு செங்குத்தாக ஏறும்போது முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உடலைப் பொறுத்தவரை நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

நேர் எதிரான தவறும் உண்டு: செலவாகும் கலோரி முழுவதையும் வழியிலேயே ஈடுகட்ட முயல்வது. மணிக்கு 600 கலோரி எரிக்கிறவரின் குடல் அந்த வேகத்தில் உறிஞ்சாது. இருப்பு தீரும் நேரத்தைத் தள்ளிப்போடுவது மட்டும்தான் வழியில் சாப்பிடுவதன் வேலை.

3. மணிக்கு எத்தனை கிராம் என்று முடிவுசெய்யுங்கள்

ஒரு மணி நேரத்துக்குள் முடிவதற்குத் தண்ணீர் போதும், உணவு தேவையில்லை.

ஒன்றிலிருந்து இரண்டரை மணி நேரம் வரை என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கடுமையாக உழைப்பவர்கள் மணிக்கு 60 கிராம் என்று தொடங்கி, வயிறு பழகியிருந்தால் 90 வரை போகலாம். பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் நாள் முழுக்க மலைநடை செய்பவருக்கு 30 முதல் 40 கிராம் பொதுவாகச் சரியாக இருக்கும். கனமான பை, இடைவிடாத ஏற்றம் என்றால் 60ஐ நெருங்கலாம்.

இந்த எண்களை உடல் எடையால் பெருக்கக் கூடாது. 50 கிலோ ஆளுக்கும் 85 கிலோ ஆளுக்கும் குடல் உறிஞ்சும் எல்லையில் பெரிய வித்தியாசம் கிடையாது. குளுக்கோஸ் குடல் சுவரைக் கடக்கும் வழி மணிக்கு 60 கிராம் அளவில் நிரம்பிவிடும். அதற்குமேல் குளுக்கோஸையே கொடுத்தால் அது குடலில் தேங்கி வயிற்றைக் கலக்கும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்குத் தனி வழி இருப்பதால், 60ஐத் தாண்ட விரும்புகிறவர்கள் இரண்டும் கலந்த உணவை எடுக்க வேண்டும். சாதாரணச் சர்க்கரையில் இரண்டும் சரிபாதி இருக்கின்றன என்பதால் இதற்காக விசேஷமான எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

முடிவான எண்ணை நோட்டில் எழுதி, அதை மணி நேரத்தால் பெருக்குங்கள். ஆறு மணி நேர மலைநடைக்கு மணிக்கு 40 என்றால் 240 கிராம். இது மாவுச்சத்தின் எடை, பண்டத்தின் எடை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

4. வியர்வையை அளந்து தண்ணீரையும் உப்பையும் தீர்மானியுங்கள்

வேலை அதிகம் உள்ள படி இதுதான். மற்றவரின் எண்ணைக் கடன் வாங்கவே முடியாத படியும் இதுதான். சிலருக்கு மணிக்கு அரை லிட்டர்கூட வியர்க்காது, சிலருக்கு அதே வெயிலில் இரண்டு லிட்டர் போகும்.

அளக்கும் முறை: சிறுநீர் கழித்துவிட்டு உடையில்லாமல் எடை பாருங்கள். போகவிருக்கும் நாளின் வெயிலும் வேகமும் உள்ளபடி ஒரு மணி நேரம் ஓடுங்கள் அல்லது ஏறுங்கள். குடித்த தண்ணீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடையில் சிறுநீர் கழிக்க வேண்டாம். முடிந்ததும் துண்டால் நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி உடையில்லாமல் எடை பாருங்கள். வியர்வையில் நனைந்த சட்டையோடு எடை பார்த்தால், வெளியேறிய வியர்வையில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போகும்.

உதாரணத்துக்கு, 64.0 கிலோ 63.2 ஆகியிருக்கிறது, இடையில் 400 மி.லி. குடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 800 கிராமும் குடித்த 400ம் சேர்ந்து மணிக்கு 1.2 லிட்டர் வியர்வை. குளிர்ந்த நாளில் ஒருமுறை, வெயில் நாளில் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் வருடம் முழுக்க உதவும்.

போன வியர்வை அனைத்தையும் குடித்தே தீர வேண்டும் என்பதில்லை. முடிவில் எடைக் குறைவு 2 சதவீதத்துக்குள் இருப்பதுதான் இலக்கு. மேலே சொன்ன 64 கிலோ ஆளுக்கு அது சுமார் 1.3 கிலோ. மூன்று மணி நேரத்தில் 3.6 லிட்டர் வியர்க்கும் என்றால் 2.3 லிட்டர் குடித்தால் போதும், அதாவது மணிக்கு 750 மி.லி. அல்லது சற்று அதிகம். மெதுவான நடையில், குளிர்ந்த நாளில், தாகத்தைக் கேட்டுக் குடித்தாலே சரியாக வரும்.

மேல் எல்லை ஒன்று இருக்கிறது. அது கீழ் எல்லையைவிட முக்கியம்: முடிக்கும்போது எடை கூடியிருக்கக் கூடாது. தண்ணீர் நல்லதுதானே என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் குடித்துக்கொண்டே போகும்போது இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் அது மருத்துவப் பிரச்சினை. வேகமாக ஓடுபவர்களைவிட நான்கு மணி நேரத்துக்கு மேல் மெதுவாகப் போகிறவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் வியர்வை குறைவு, குடிக்க நேரம் அதிகம். விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, வயிறு உப்புவது, தலைவலி, குமட்டல், பேச்சில் குழப்பம் ஆகியவை அறிகுறிகள். இப்படி ஒருவரைக் கண்டால் இன்னும் தண்ணீர் கொடுக்காமல் உடனே மருத்துவ உதவிக்கு ஆளனுப்புங்கள்.

அப்புறம் உப்பு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நன்றாக வியர்க்கும் நாளில், குடிக்கும் நீரில் லிட்டருக்கு 500 முதல் 700 மி.கி. சோடியம் இருக்கட்டும். மட்டமாக அளந்த கால் தேக்கரண்டி உப்பில் ஏறக்குறைய 600 மி.கி. சோடியம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, அந்தக் கால் தேக்கரண்டி உப்பு, சுவைக்குக் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு: வீட்டிலேயே கலந்த பானம் தயார். சர்க்கரை 6 சதவீதம். 8 சதவீதத்தைத் தாண்டினால் இரைப்பை காலியாவது தாமதப்படும் என்பதால் அதற்கு மேல் கூட்டாதீர்கள்.

காய்ந்த சட்டையில் வெள்ளைக் கோடு படிகிறதா? உங்கள் வியர்வையில் உப்பு அதிகம், மேல் அளவை எடுங்கள். ஆனால் உப்பு மாத்திரை போட்டுக்கொண்டால் எவ்வளவு தண்ணீர் வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறிக் குடிப்பதை உப்பு சரிக்கட்டாது.

5. இப்போது பண்டங்களைத் தேர்ந்தெடுங்கள்

தோராயமான மாவுச்சத்து அளவுகள்: நடுத்தர வாழைப்பழம் 27 கிராம். 30 கிராம் உலர்திராட்சை 24 கிராம். பெரிய பேரீச்சம்பழம் ஒன்று 18 கிராம். ஒரு துண்டு ரொட்டி 13 முதல் 15 கிராம். வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20 கிராம். வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம். ஒரு மேசைக்கரண்டி தேன் 17 கிராம். ஜெல் பாக்கெட் பெரும்பாலும் 20 முதல் 30 கிராம், உறையில் சரியாகப் போட்டிருக்கும்.

உறையைப் படிக்கும்போது கலோரியைப் பார்க்காமல் மாவுச்சத்து வரியைப் பாருங்கள். கொட்டைப் பருப்புகள் 100 கிராமில் 600 கலோரி இருக்கிறது என்று ஓட்டத்துக்கு எடுத்துப் போகிறார்கள். அந்தக் கலோரியில் பெரும்பகுதி கொழுப்பு. கொழுப்பு, நார்ச்சத்து, புரதம் மூன்றும் இரைப்பையைத் தாமதப்படுத்தும். ஓடும்போது அந்தத் தாமதம் குமட்டலாக வரும். புரத பாருக்கும் (புரதம் சேர்த்த தின்பண்டக் கட்டி) இதே கதி. நாள் முழுக்க மெதுவாக நடக்கிறவருக்கு மட்டும் கொட்டைகளும் பாலாடைக்கட்டியும் பொருந்தும். அங்கே வயிற்றுக்கு நேரம் இருக்கிறது, பசியும் அடங்கும்.

ஜெல்லைத் தண்ணீரோடு எடுங்கள், சர்க்கரைப் பானத்தோடு வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் பாகு போலக் கெட்டியாகி, உடலில் இருக்கும் நீரையே குடலுக்குள் இழுக்கும். இதற்குப் பிறகு நடப்பதை விவரிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் இனிப்பு திகட்டும், இது எல்லோருக்கும் நடப்பதுதான். பட்டியலில் மூன்றில் ஒரு பங்காவது உப்புச் சுவையுள்ளதாக இருக்கட்டும்: உப்புத் தூவிய உருளைக்கிழங்கு, உப்பு பிஸ்கட், உப்பிட்ட சோற்று உருண்டை. தட்பவெப்பத்தையும் யோசியுங்கள். வெயிலில் சாக்லேட் உருகும், கடுங்குளிரில் பார்கள் பல்லை உடைக்கும் அளவுக்கு இறுகும்.

6. வயிற்றைப் பழக்குங்கள்

காலைப் பழக்குவதற்கு மாதக்கணக்கில் திட்டம் போடுகிறவர்கள் வயிற்றைப் பழக்க ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை. என் பார்வையில் புதியவர்கள் சறுக்கும் இடங்களில் இதுதான் முதலிடம்.

வாரத்துக்கு ஒரு நீண்ட ஓட்டம் அல்லது நீண்ட நடையில் மணிக்கு 30 கிராமோடு தொடங்குங்கள். தொந்தரவு இல்லையென்றால் வாரத்துக்கு 10 கிராம் கூட்டுங்கள். வயிறு கலங்கினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, அங்கேயே இன்னொரு வாரம் நில்லுங்கள். அடிக்கடி கொடுக்கக் கொடுக்கக் குடலின் உறிஞ்சும் திறன் கூடும், இரைப்பையும் அசைவுக்கு நடுவே உணவைத் தாங்கப் பழகும்.

சில முறையாவது உண்மையான வேகத்தில் சோதித்துப் பாருங்கள். கடுமையாக உழைக்கும்போது இரத்தம் தசைகளுக்குத் திரும்பிவிடும், குடலுக்குக் குறைவாகவே போகும். மெதுவான ஓட்டத்தில் சுகமாக இறங்கிய பண்டம் வேகத்தில் மேலே வருவது அதனால்தான். மலையேறுபவர்கள் முழுச் சுமையோடு, இடுப்பு வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டு சோதிக்க வேண்டும். வார் வயிற்றை அழுத்துவது பலருக்கு அன்றைக்குத்தான் தெரியவருகிறது.

ஒரே ஒரு ஜெல்லைச் சாப்பிட்டுப் பார்த்து "ஒத்துக்கொண்டது" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு எட்டு ஜெல் எடுப்பது சோதனை ஆகாது. எட்டாவது ஜெல் உள்ளே போகும் வயிறு முதல் ஜெல் போன வயிறாக இருக்காது.

7. முந்தைய இரண்டு நாட்களும் அன்றைய காலையும்

தொடர்ச்சியாக 90 நிமிடத்துக்கு மேல் கடுமையாக உழைக்கப்போகிறீர்கள் என்றால்தான் முன்கூட்டியே கிளைக்கோஜனை நிரப்புவது பயன் தரும். போட்டியாளர்களுக்குச் சொல்லும் அளவு, ஒன்றரை முதல் இரண்டு நாட்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 12 கிராம். 60 கிலோ ஆளுக்கு அது 600 கிராமுக்கு மேல். சாப்பிட்டுப் பார்த்தால்தான் அது எவ்வளவு என்று தெரியும். பொழுதுபோக்காக ஓடுபவருக்கு 7, 8 கிராம் வந்தாலே போதும் என்பேன்.

தட்டின் அளவைப் பெரிதாக்க வேண்டாம், தட்டில் உள்ளவற்றின் பங்கை மாற்றுங்கள். சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு கூடட்டும். எண்ணெய், இறைச்சி, நார் மிகுந்த காய்கள் குறையட்டும். எடை ஒன்றிரண்டு கிலோ ஏறும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்து தங்குவதால் வருவது அது, பயப்பட வேண்டாம்.

முந்தைய இரவு ஒரே வேளையில் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவது நிரப்புதல் ஆகாது. தூக்கம் கெடும், காலையிலும் வயிறு கனக்கும். பெரிய வேளையை மதியத்துக்கு நகர்த்திவிட்டு இரவை இலகுவாக வையுங்கள்.

காலை உணவைத் தவிர்க்காதீர்கள். இரவு முழுக்க மூளைக்குக் குளுக்கோஸ் கொடுத்த கல்லீரலின் இருப்பு விடியும்போது வெகுவாகக் குறைந்திருக்கும். மூன்று மணி நேரம் முன்பு என்றால் கிலோவுக்கு 2 முதல் 3 கிராம், ஒரு மணி நேரம் மட்டுமே இருக்கிறது என்றால் 1 கிராம். நாரும் கொழுப்பும் குறைந்த, பழகிய உணவாக இருக்க வேண்டும். விடியற்காலையில் திட உணவு இறங்காதவர்கள் அதே அளவைப் பானமாகக் குடிக்கலாம்.

புறப்படுவதற்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி. தண்ணீர் குடித்துவிடுங்கள். மிச்சம் வெளியேற அவகாசம் இருக்கும்.

8. மணி வாரியாகப் பையில் அடுக்குங்கள்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு சிறு உறை. அதில் அந்த மணி நேரத்துக்கான கிராம் முழுவதும் இருக்க வேண்டும். ஆறு மணி நேரம் என்றால் ஆறு உறை, கூடவே அவசரத்துக்கு ஒன்று. மூன்றாவது மணி முடிந்து பார்க்கும்போது நான்கு உறை மீதி இருந்தால் கணக்கு சரி. ஐந்து இருந்தால் பின்தங்கிவிட்டீர்கள். களைத்த மூளைக்கு இதைவிடக் கடினமான கணக்கு வேலைக்காகாது.

அடுத்த இரண்டு உறைகள் பையைக் கழற்றாமலே கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். எடுக்கச் சிரமமான உணவை யாரும் எடுப்பதில்லை. இறுக்கமான உறைகளின் ஓரத்தை வீட்டிலேயே கொஞ்சம் கிழித்து வையுங்கள். வியர்த்த விரலால் அது திறக்காது.

9. வழியில் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள்

முதல் வாய் புறப்பட்ட அரை மணி நேரத்தில். பிறகு 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம். உற்சாகமாக இருக்கும் தொடக்கத்தில் பசியே தெரியாது. பசி தெரியும்போது, தின்றது இரத்தத்துக்கு வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டிய நிலையில் இருப்பீர்கள்.

மலைநடையில் மதிய வேளைக்கு உட்கார்ந்து பெரிதாகச் சாப்பிட்டுவிட்டு உடனே ஏற்றத்தைத் தொடங்குவது பழைய வழக்கம். அடுத்த ஒரு மணி நேரம் கால் எழும்பாது. அந்த உணவையே மூன்றாகப் பிரித்துச் சாப்பிட்டால் மொத்த அளவு அதேதான், மந்தம் வராது. ஓடுபவர்கள் ஏற்றம் முடிந்து மூச்சு அடங்கிய சமதளத்தில் சாப்பிடுவது நல்லது. செங்குத்தான இறக்கத்துக்குச் சற்று முன்பு வேண்டாம், குலுக்கலில் வயிறு புரட்டும்.

காபி பழக்கம் உள்ளவர்கள் கிலோவுக்கு 3 மி.கி. அளவு காஃபீனைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நீண்ட நாளில் பிற்பகுதியிலோ எடுக்கலாம். காஃபீன் உள்ள ஜெல்களையும் இந்தக் கணக்கில் சேருங்கள். அன்றைக்கு முதன்முறையாக முயல வேண்டாம்.

உயரத்திலும் குளிரிலும் அலாரம் இன்னும் தேவை. 2,500 மீட்டருக்கு மேல் பலருக்குப் பசி மங்கும், குளிரில் தாகம் தெரியாது. ஆனால் வறண்ட காற்றில் மூச்சு வழியாகவே நீர் போய்க்கொண்டிருக்கும். அங்கே சிறிய கடிகளாக, மாவுச்சத்து மிகுந்ததாகச் சாப்பிடுங்கள். அதே அளவு ஆக்ஸிஜனுக்குக் கொழுப்பைவிட மாவுச்சத்து கொஞ்சம் அதிகச் சக்தி தரும்.

10. ஏதாவது தவறினால்

குமட்டல் வந்தால் முதலில் வேகத்தைக் குறையுங்கள். குடலுக்கு இரத்தம் திரும்பினால் பாதிப் பிரச்சினை போய்விடும். பதினைந்து நிமிடம் வெறும் தண்ணீர் சிறு மிடறுகளாக. அடங்கியதும் பழைய அளவில் பாதியோடு தொடருங்கள். ஒன்றும் சாப்பிடாமலே முடித்துவிடலாம் என்ற முடிவு அடுத்த ஒரு மணி நேரத்தில் கைவிடும்.

திடீரென்று கை நடுங்கி, தலை லேசாகி, காரணமில்லாமல் எரிச்சல் வந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நின்று, வேகமாகச் சேரக்கூடிய 20 முதல் 30 கிராம் சர்க்கரையைத் தண்ணீரோடு எடுத்துப் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். கூட வந்தவர் திடீரென்று சிடுசிடுத்தாலும் பேரீச்சம்பழத்தை நீட்டிப் பாருங்கள், பலமுறை வேலை செய்திருக்கிறது.

தசைப்பிடிப்பு வந்தால் உடனே உப்புக்குறை என்று முடிவுகட்டாதீர்கள். பழகாத வேகமும் களைப்பும்கூட அதற்குக் காரணமாக இருக்கும். நீட்டிவிட்டு வேகத்தைக் குறைப்பதுதான் முதல் உதவி.

வலிக்கு இப்யூபுரோஃபென் வகை மாத்திரைகளை வழியில் போடாதீர்கள். நீர் குறைந்த உடலில் அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், குடலையும் புண்ணாக்கும்.

11. முடிந்த பிறகு

மறுநாளும் நடக்க அல்லது ஓட வேண்டுமா என்பதைப் பொறுத்தது இது. எட்டு மணி நேரத்துக்குள் மீண்டும் கிளம்புவதாக இருந்தால் முதல் நான்கு மணி நேரத்துக்கு, மணிக்கு, கிலோவுக்கு 1 கிராம் அல்லது சற்று அதிக மாவுச்சத்து. தசைகள் அப்போதுதான் வேகமாக நிரப்பிக்கொள்ளும். இரண்டு நாள் ஓய்வு இருக்கிறது என்றால் அவசரமே இல்லை, வழக்கமான வேளைகளிலேயே நிரம்பிவிடும்.

புரதம் வேளைக்கு 20 முதல் 25 கிராம், நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 1.2 கிராமிலிருந்து 2 கிராம் வரை. ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று நான்கு வேளைகளில் பிரித்துச் சாப்பிட்டால் தசைச் சீரமைப்புக்கு நன்றாக உதவும்.

எடை குறைந்த அளவின் ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு நீரைச் சில மணி நேரத்தில் மெல்ல மெல்லக் குடியுங்கள், உப்புள்ள உணவோடு. உப்பில்லாமல் குடித்த நீரில் பெரும்பகுதி சிறுநீராகவே போய்விடும்.

12. அன்றிரவே எழுதிவையுங்கள்

மறுநாள் பாதி மறந்துவிடும். மொத்த நேரம், வெயில், முன்பும் பின்பும் எடை, எந்த மணியில் எது இறங்கவில்லை, எத்தனை உறை மீதியாக வந்தது என்று ஐந்து வரி போதும்.

அடுத்த முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பண்டம், அளவு, காலை உணவு மூன்றையும் ஒன்றாக மாற்றினால் வயிறு ஒத்துழைத்தாலும் எதனால் என்று தெரியாது, கலங்கினாலும் தெரியாது. மீதியாக வந்த உறைகள் எப்போதும் கடைசி மணிகளுடையவை என்றால் அளவில் கை வைக்காதீர்கள். அந்த மணிகளுக்கு உப்புச் சுவையும் மெல்லத் தேவையில்லாத பண்டமும் போட்டுப் பாருங்கள்.